எஃப்.ஐ.ஆரில் ‘செல்போன்’ என்ற சொல் இருக்கிறதா?

என் தம்பிக்கு 34 வயது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். 2024 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வந்துகொண்டிருந்தவனை, எதிரே வந்த கார் ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். காரை ஓட்டியவர் போன் பேசிக்கொண்டே வந்தார். அங்கிருந்த டீக்கடைக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் எஃப்.ஐ.ஆரில் அது இல்லை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதியதில்’ என்று, எல்லா விபத்து வழக்குக்கும் எழுதுகிற அதே வரிதான் இருந்தது.

நான் 19 வருடமாகப் பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். பத்திரத்தில் ஒரு சர்வே எண் விட்டுப்போனால் ஒரு குடும்பம் எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடக்கும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தவள். அதனால் அந்த எஃப்.ஐ.ஆரைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. செல்போன் என்ற சொல் காகிதத்தில் ஏறாவிட்டால், கோர்ட்டில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதை ஏற்றுவதற்கு நான் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டதை, இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்களுக்கென்று ஒரு வக்கீல் கட்டாயம் வேண்டும். ஆனால் வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முன்பே கைவிட்டுப் போகிற சில விஷயங்கள் உண்டு.

முதலில் சட்டம்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ நடந்த விபத்து என்றால் பிரிவு 106(1). கவனமின்மையால் உயிரிழப்பை ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். பழைய 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. அந்த ‘அல்லது அபராதம்’ இப்போது இல்லை. விபத்து ஜூலை 1-க்கு முன்னால் நடந்திருந்தால் பழைய பிரிவுதான் பொருந்தும். இதோடு, பொது வழியில் தாறுமாறாக வண்டி ஓட்டியதற்குப் பிரிவு 281-ம் போடுவார்கள். அதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓட்டுநர் விபத்தைத் தெரிவிக்காமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை தண்டனை என்று 106(2) இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, புதிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த அறிவிப்பிலேயே அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம்.

106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதனால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே ஓட்டுநர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். எங்களுக்கு அது தெரியாது. தம்பி வென்டிலேட்டரில் இருக்கும்போது அந்த ஆள் ஊரில் நடமாடுகிறார் என்று கேள்விப்பட்டு, போலீஸ் விலை போய்விட்டது என்றே நினைத்தோம். அப்படி நினைத்து ஸ்டேஷனில் சத்தம் போட்டதில் இரண்டு நாள் வீணாய்ப் போனது. ஜாமீன் கிடைத்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை.

பிரிவு 105 போடச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது கொலை ஆகாத மரணக் குற்றம். ‘இப்படிச் செய்தால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்’ என்று நிரூபணமானால் 10 ஆண்டு வரை தண்டனை கிடைக்கும். மும்பை பாந்த்ராவில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய 7 பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், பழைய சட்டத்தில் இதற்கு இணையான பிரிவில் தண்டித்ததை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. போன் மட்டுமே காரணம் என்றால் போலீஸ் பெரும்பாலும் 106(1)-ஐத் தாண்டாது. சிவப்பு விளக்கைத் தாண்டியது, எதிர்த்திசையில் வந்தது, குடித்திருந்தது என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் வக்கீலிடம் கேளுங்கள்.

நான் மல்லுக்கட்டியது வேறொரு பிரிவுக்காக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184, ஆபத்தாக ஓட்டுவது பற்றியது. எதெல்லாம் ஆபத்தாக ஓட்டுவது என்று 2019 திருத்தத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். வண்டி ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மரணத்துக்கு முன்னால் இந்தத் தண்டனை சின்னதுதான். ஆனால் இந்தப் பிரிவைச் சேர்த்தால்தான் செல்போன் குற்றச்சாட்டாகவே ஏறுகிறது. 106(1)-ல் கவனமின்மை என்பதற்கு முதுகெலும்பு இதுதான். ‘மேப் பார்க்கத்தான் வைத்திருந்தேன்’ என்று ஓட்டுநர் சொல்லலாம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த விதியில் இடம் இருக்கிறது. அதனால் அவர் பேசினாரா, டைப் அடித்தாரா, மேப் பார்த்தாரா என்பதுதான் விசாரணையின் மையம். புளூடூத்தில் பேசியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். கவனமான ஓட்டுநர் ஓட்டும் தரத்துக்கு வெகுவாகக் கீழே போய் ஓட்டினாலே ஆபத்தாக ஓட்டியதுதான் என்று அதே விளக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது.

முதல் பத்து நாள்

காரியம் முடியட்டும், பதினாறு கழியட்டும் என்று காத்திருந்தால் கேமரா பதிவு போய்விடும். எங்கள் டீக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பேக்கரி. அங்கே ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், பத்துப் பன்னிரண்டு நாள்தான் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். நான் போனது ஆறாம் நாள்.

அங்கே ஒன்றைச் செய்தேன், அதுதான் பின்னால் வழக்கையே தூக்கி நிறுத்தியது. பதிவை ஓட்டிப் பார்த்தபோது, மோதல் நடந்த இடத்தில் திரையின் மூலையில் மணி 6:50:20 என்று காட்டியது. எனக்கு உறுத்தியது. 108-க்கு டீக்கடைக்காரர் அழைத்தது 6:43-க்கு. அவர் போனிலேயே காட்டினார். மோதுவதற்கு ஏழு நிமிடம் முன்பே எப்படி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க முடியும்? கேமராவின் நேரடிக் காட்சியைப் போடச் சொல்லி, என் போனில் மணியைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். பேக்கரிக்காரர் மகன் இரண்டும் சேர்ந்து தெரியும்படி அவன் போனில் வீடியோ எடுத்தான். கேமரா கடிகாரம் 11 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் மோதல் நடந்தது 6:39:20-க்கு. இந்தக் கணக்கு இல்லாமல் போன் பதிவைக் கேமராவோடு ஒப்பிட்டிருந்தால், அழைப்பு முடிந்து பத்து நிமிடம் கழித்து மோதியதாக ஆகியிருக்கும். நீங்களும் எந்தக் கேமராவைப் பார்த்தாலும் முதலில் அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

பதிவை நீங்கள் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் கோர்ட்டில் நிற்பது போலீஸ் முறைப்படி கைப்பற்றியதுதான். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழ் அதோடு இருக்க வேண்டும். அதனால் எந்தக் கடையில், எந்தத் தேதி, எந்த நேரப் பதிவு இருக்கிறது, எத்தனை நாளில் அழியும் என்று எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

அடுத்தது சாட்சி. கார்க்காரர் கதவைத் திறந்து இறங்கும்போதும் போன் காதில்தான் இருந்தது என்று டீக்கடைக்காரர் சொன்னார். “வண்டி இடிச்சிருச்சு, அப்புறம் பேசறேன்னு சொல்லித்தான் வெச்சார் அம்மணி” என்றார். போலீஸ் எழுதிய அவருடைய வாக்குமூலத்தில் இது இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் மனு கொடுத்து அவரை மறுபடி விசாரிக்கச் சொன்னேன். அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் அதைச் செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையில் சொல்லிக்கொடுத்தது தெரிந்துவிடும். விபத்தில் உதவி செய்தவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு கொடுக்கிறது. தயங்குகிற சாட்சிக்கு அதை எடுத்துச் சொல்லலாம்.

எங்களைப் போல, அடிபட்டவர் சில நாள் கழித்து இறந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். முதலில் காயம் ஏற்படுத்திய பிரிவில்தான் பதிவாகியிருக்கும். மரணத்துக்குப் பிறகு பிரிவை 106(1) என்று மாற்றிக் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஸ்டேஷனில் இதை ஆல்டரேஷன் ரிப்போர்ட் என்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். செல்போன் விவரத்தோடு 184-ஐயும் சேர்க்கச் சொல்ல அதுவே நல்ல சமயம். போலீஸ் நிரப்பும் விபத்துப் படிவத்தில் எந்த விதிமீறல் என்று குறிக்கும் இடத்தில் செல்போன் பயன்பாடு என்பது தனி வகையாகவே இருக்கிறது. அதைக் குறித்தார்களா என்றும் கேளுங்கள்.

தம்பியின் ஹெல்மெட்டை, உடைந்த கண்ணாடியோடு, பையில் போட்டு வைத்திருக்கிறேன். அவன் போனையும்தான். குழந்தைகள் விளையாடக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இறந்தவர்தான் போன் பேசிக்கொண்டு வந்தார் என்று எதிர்த்தரப்பு சொல்வது வழக்கம். அவனுடைய கடைசி அழைப்பு 5:52-க்கு, அம்மாவோடு. இறந்தவரின் போனை யாரும் அழிக்கவோ ரீசெட் செய்யவோ விடாதீர்கள். சிம்மையும் உடனே சரண்டர் செய்துவிடாதீர்கள்.

ஓட்டுநரின் போன்

ஓட்டுநரின் அழைப்பு விவரப் பட்டியலை, அதாவது சி.டி.ஆரை, நாம் கேட்டால் கம்பெனி கொடுக்காது. போலீஸ் உயரதிகாரி வழியாகவோ கோர்ட் உத்தரவிலோதான் வரும். நாம் செய்யக்கூடியது, வாங்கச் சொல்லி எழுத்தில் கேட்பது. எந்த எண், எந்த நாள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று தெளிவாக எழுதுங்கள். விபத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் போதும். ஓட்டுநரிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டையும் கேளுங்கள்.

எங்கள் வழக்கில் சி.டி.ஆர். வந்தது. எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு, “அந்த நேரத்துல கால் எதுவுமே இல்லையேம்மா” என்றார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. டீக்கடைக்காரர் பொய் சொல்கிற ஆள் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வாட்ஸ்அப் அழைப்பு இன்டர்நெட் வழியாகப் போகிறது, சி.டி.ஆரில் அது அழைப்பாக வரவே வராது. டேட்டா பயன்பாட்டுப் பதிவில் இணைப்பு இருந்தது மட்டும் தெரியும். யாரோடு, எத்தனை நிமிடம் என்பது போனுக்குள்தான் இருக்கும். அந்தப் போனை யாரும் கைப்பற்றவே இல்லை!

அன்றே மனு எழுதி எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கேயும் நகராவிட்டால் நடுவர் நீதிமன்றத்தில் மனுப்போட வக்கீல் தயாராக இருந்தார். அதற்குத் தேவைப்படவில்லை. 23-ம் நாள் போனைக் கைப்பற்றி, தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். அறிக்கை வர மாதங்கள் ஆயின. 6:36:05-க்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு தொடங்கி, 4 நிமிடம் 10 விநாடி ஓடியிருக்கிறது. 6:40:15 வரை. மோதியது 6:39:20. டீக்கடைக்காரர் கேட்ட ‘அப்புறம் பேசறேன்’ அந்தக் கடைசி 55 விநாடிக்குள் இருக்கிறது.

இது எங்கள் அதிர்ஷ்டம். அந்த ஆள் அழைப்புப் பட்டியலை அழித்திருக்கலாம், போனையே மாற்றியிருக்கலாம். அதனால் நீங்கள் முதல் மனுவிலேயே ‘சி.டி.ஆர். வாங்கவும், போனைக் கைப்பற்றவும்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். போனைத் திருப்பிக் கேட்டு ஓட்டுநர் கோர்ட்டில் மனுப்போடுவார். உள்ளே இருப்பதை முழுசாக நகலெடுக்காமல் கொடுக்கக்கூடாது என்று அரசு வழக்கறிஞரிடம் சொல்லி ஆட்சேபம் தெரிவியுங்கள்.

இழப்பீடு தனி வழக்கு

கிரிமினல் வழக்கு தண்டனைக்கு. குடும்பத்துக்கான பணத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 166-ன் கீழ் தனியாக மனுப்போட வேண்டும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டத்தில் இருப்பது. குற்றப்பத்திரிகை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். போலீஸும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர்., வரைபடம், வாகன ஆய்வாளர் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் எஃப்.ஐ.ஆரை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு எப்படி என்று தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) என்ற இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படிதான் போடுகிறார்கள். தம்பிக்கு மாத வருமானம் 15,000 என்று எடுத்தால், 40 வயதுக்குக் குறைந்த சொந்தத் தொழில்காரர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. அவனை நம்பி இருந்தது மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, நான்கு பேர். அதனால் சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. ஆக 30,24,000 ரூபாய். அதற்கு மேல் இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கு நிர்ணயித்த தொகைகளும் வட்டியும். வருமானத்தைக் காட்டுவதுதான் கஷ்டம். அவன் செம்புக் கம்பி வாங்கிய பில்களையும், கடையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடு வழியாக வந்த பணத்தின் வங்கிப் பட்டியலையும் சேர்த்தேன்.

ஓட்டுநர் போன் பேசினார் என்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி நமக்குக் கொடுக்காமல் தப்பிக்க முடியாது. கிரிமினல் வழக்கில் அவர் விடுதலையே ஆனாலும் இழப்பீட்டு மனு தானாக விழுந்துவிடாது. இரண்டுக்கும் நிரூபணத்தின் அளவு வேறு.

லைசென்ஸும் சமாதானமும்

செல்போன் பேசி ஓட்டினால் குறைந்தது 3 மாதமாவது லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. எஃப்.ஐ.ஆர். நகலோடு ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு அனுப்புங்கள். கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓட்டுநர் தரப்பிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் பழத்தட்டோடு வந்தார்கள். அவர்கள் அழுததும் உண்மைதான். ஆனால் 106(1) சமாதானம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் இல்லை. அவர்கள் நீட்டிய காகிதத்தில் ‘இறந்தவர் திடீரெனக் குறுக்கே வந்துவிட்டார்’ என்று ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் கிரிமினல் வழக்கும் போயிருக்கும், இழப்பீட்டிலும் தம்பி மேல் பாதித் தப்பைச் சுமத்திப் பாதியைக் கழித்திருப்பார்கள். தம்பி மனைவிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அவள் கையில் பேனாவைக் கொடுத்திருந்தார்கள். நான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து வாங்கிவிட்டேன்.

கோர்ட்டில்

வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். அவர் மேசையில் தினமும் ஐம்பது கட்டு இருக்கும். உங்கள் கட்டில் எந்தப் பக்கத்தில் தடயவியல் அறிக்கை, எந்தப் பக்கத்தில் கடிகார வித்தியாசம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அவருக்கு உதவியாக நம் வக்கீல் இருக்கவும் கோர்ட் அனுமதி கொடுக்கலாம்; மனுப்போட வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு நமக்கு உள்ள உரிமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. விடுதலை ஆனாலோ, சின்னப் பிரிவில் தண்டித்தாலோ, கோர்ட் கொடுத்த நஷ்டஈடு குறைவு என்றாலோ பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். தண்டனைக் காலம் போதாது என்று மட்டும் நாம் அப்பீல் போக முடியாது. அது அரசாங்கத்தின் கையில். அதனால் தண்டனை பற்றிக் கேட்கும் நாளிலேயே பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். பஞ்சாப் அரசு எதிர் சௌரப் பக்ஷி வழக்கில், இரண்டு பேர் சாவுக்குக் காரணமானவர் சிறையில் இருந்த 24 நாளே போதும் என்று உயர் நீதிமன்றம் குறைத்ததை 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, 6 மாதமாக உயர்த்தியது. இப்படிப்பட்ட வழக்கில் தண்டனைக்குப் பதில் நன்னடத்தையில் விட்டுவிடுவது கூடாது என்று தல்பீர் சிங் வழக்கில் 2000-லேயே சொல்லியிருக்கிறது. இரண்டு தீர்ப்பையும் அச்செடுத்து என் கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் 281, 106(1), கூடவே 184. ‘செல்போனில் பேசிக்கொண்டே’ என்ற சொற்கள் மூன்றாம் பக்கத்தில் ஏழாவது வரியில் இருக்கின்றன. டீக்கடைக்காரருக்குச் சம்மன் வந்திருக்கிறது. வாய்தா அன்று கடையை அடைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.